தூர் வாரச் சொன்ன ஞானிகள்

சென்ற இதழில், பழைய சீனத் தத்துவத்தை அன்றாட வாழ்க்கைக்குப் பொருத்திக் காட்டுவதாகச் சொல்லி ஒரு கட்டுரை வந்தது. அதில் உதாரணமாக வந்தது ஆவடியில் உள்ள எங்கள் பருத்திப்பட்டு. மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் மனு எழுதிக்கொண்டும் சாலையில் உட்கார்ந்துகொண்டும் இருக்காதீர்கள், லாவோ ட்சு சொன்னபடி தண்ணீரைப் போல இருங்கள் என்கிறார் கட்டுரையாளர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை நேரம் நீண்டால் வளைந்துகொடுங்கள் என்கிறார். மேலே இருப்பவர் சொல்வதை மறுபேச்சில்லாமல் கேட்பதே கன்ஃபூசியஸ் காட்டிய ஒழுக்கம் என்கிறார். இத்தனைக்கும் மேலே 'வூ வெய்' என்றொரு முத்திரை: சும்மா இருங்கள், காரியம் தானாக நடக்கும்.

இந்த உபதேசங்களில் ஒன்றுகூட அந்த ஞானிகளின் நூல்களில் இல்லை. அவற்றுக்கு நேர்மாறானவைதான் பக்கத்துக்குப் பக்கம் இருக்கின்றன. முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீரில் நின்று அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றியவர்களிடம் போய், உங்கள் கோபம் அறியாமை என்று இரண்டாயிரம் ஆண்டுப் பழைய பெயர்களை வைத்துச் சொல்வது கொடுமை.

தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன். லாவோ ட்சு பெயரில் வழங்கும் தாவோ தே ஜிங் என்ற நூலின் எட்டாம் அத்தியாயத்தை நம்பித்தான் அவர் கட்டுரையே நிற்கிறது. தண்ணீர் எல்லாவற்றுக்கும் பயன்படுகிறது, யாரும் விரும்பாத தாழ்ந்த இடத்தில் போய்த் தங்குகிறது என்ற பகுதியை எடுத்துக்கொண்டு அங்கேயே புத்தகத்தை மூடிவிட்டார். அத்தியாயம் அங்கே முடியவில்லை. ஆட்சிக்கு ஒழுங்கு வேண்டும், வேலைக்குத் திறமை வேண்டும், செயலுக்குக் காலமறிதல் வேண்டும் என்று மேலே அடுக்கிக்கொண்டு போகிறது. சி. மணியின் தமிழாக்கத்தை க்ரியா 2002இலேயே வெளியிட்டுவிட்டது. சீனம் தெரியாதவரும் கொஞ்ச நேரத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். கட்டுரையாளர் அந்தச் சிறிய சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்துக்கொண்டிருந்தால் ஐம்பத்து மூன்றாம் அத்தியாயம் கண்ணில் பட்டிருக்கும். அரண்மனை பளபளவென்று இருக்கிறது, வயலில் களை மண்டிக் கிடக்கிறது, களஞ்சியம் காலி. இந்த நிலையில் பட்டுடுத்தி, வாளேந்தி, தின்று தீர்க்கிறவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்கிறது அது. எழுபத்தைந்தாம் அத்தியாயம், மேலே இருப்பவர்கள் வரியை அளவுக்கு மீறி விழுங்குவதால்தான் மக்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்கிறது. நாடுகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்த காலத்தில் உருவான புத்தகம் அது. குறுக்கே விழுந்து குடியானவன் வாழ்வைக் கெடுக்காதே என்று அரசனுக்குச் சொன்ன புத்தி, கட்டுரையாளர் கையில் குடியானவனுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. அரசனைப் பார்த்து அடக்கமாக இரு என்று சொன்னதை அரிசி மூட்டை நனைந்தவனைப் பார்த்துச் சொல்கிறார். அந்தக் கட்டுரையின் எல்லாப் பிழைகளும் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

அடுத்து, எங்கள் ஏரி. எதையும் மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும் பருத்திப்பட்டு ஏரியே தாவோவின் ஆசான் என்று எழுதியிருக்கிறார். அந்த ஏரி எதை ஏற்றுக்கொண்டது என்று அவர் இங்கே யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆவடி வளர வளர வீடுகளின் கழிவுநீர் அதில் வந்து விழுந்தது. ஆகாயத் தாமரை மூடியது. கரையோரம் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்த காலம் ஒன்று இருந்தது. பிறகு ஆழப்படுத்தி, கரையைப் பலப்படுத்தி, நடைபாதை போட்டு, 2019இல் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். இன்றைக்கு அங்கே காலையில் நடக்கிறோம், கூழைக்கடாக்கள் வந்து இறங்குவதைப் பார்க்கிறோம் என்றால், ஏரி ஏற்றுக்கொண்டதை மனிதர்கள் ஏற்றுக்கொள்ள மறுத்ததால்தான். புகார் கொடுத்தவர்களும், செய்தி எழுதியவர்களும், சேற்றில் இறங்கி வேலை செய்தவர்களும் சேர்ந்து மீட்ட நீர்நிலை அது. அவர்கள் எல்லோரையும் அழித்துவிட்டு ஏரியை மட்டும் ஞானியாக்குவதை என்னால் ஏற்க முடியாது.

சீனர்கள் தண்ணீரைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் அவர்களுடைய தொன்மத்தில் வரும் யூவின் கதையிலிருந்து தொடங்க வேண்டும். பெருவெள்ளம் வந்தபோது யூவின் தந்தை குன் ஒன்பது ஆண்டு போராடித் தோற்றார். வெள்ளத்தை மறித்துக் கட்டப் பார்த்தார் என்பது மரபு. மகன் மறிக்கவில்லை. ஆற்றின் அடியைத் தோண்டினார், வாய்க்கால்களைத் திறந்தார், தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோனார். இந்த வேலையில் கழிந்த எட்டு ஆண்டில் மூன்று முறை சொந்த வீட்டு வாசலைக் கடந்தும் உள்ளே நுழையவில்லை என்கிறார் கன்ஃபூசியஸ் வழிவந்த மென்சியஸ். தண்ணீரின் இயல்பை மதிப்பது என்றால் இதுதான். அது எங்கே போக விரும்புகிறதோ அந்த வழியில் நிற்கும் மண்ணையும் குப்பையையும் அகற்றுவது. இதே மென்சியஸ், அறிவுள்ளவர்கள் யூ தண்ணீரை நடத்தியதைப் போலக் காரியங்களை நடத்த வேண்டும் என்கிறார். யூவின் கையில் மண்வெட்டி இருந்தது.

கதை வேண்டாம், கண்ணால் பார்க்கும் சான்று வேண்டும் என்றால் சிச்சுவானில் தூஜியாங்யென் இருக்கிறது. கி.மு. 256 வாக்கில் சின் அரசின் ஆளுநர் லீ பிங் தொடங்கிய பாசன அமைப்பு. மின் ஆற்றின் நடுவே மீன் வாய் போலக் கூர்மையான கரையை அமைத்து ஆற்றை இரண்டாகப் பிரித்தார். வெடிமருந்து இல்லாத காலத்தில், பாறையை நெருப்பால் சுட்டு, தண்ணீர் ஊற்றி வெடிக்க வைத்துக் குன்றைக் குடைந்தார். ஆற்றை முழுதாக மறிக்கும் அணை இல்லாமலே அது இன்றுவரை வேலை செய்கிறது. தாவோ மதத்தின் புனிதமலையான சிங்செங்கையும் இதையும் யுனெஸ்கோ 2000இல் ஒரே பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்துப் பதிந்திருக்கிறது. கட்டுரையாளர் தேடும் தண்ணீர்த் தத்துவம் கல்லாகவும் மண்ணாகவும் நிற்கும் இடம் அதுதான்.

அது இத்தனை காலம் நிலைத்ததற்கு என்ன காரணம்? ஆண்டுதோறும் நீர் குறையும் பருவத்தில் தூர் வாரினார்கள். படுகையை ஆழமாகத் தோண்டு, தடுப்பைத் தாழ்வாகக் கட்டு என்பது அங்கே தலைமுறை தலைமுறையாக வந்த விதி. எவ்வளவு ஆழம் என்பதில் ஏமாற்று வேலை நடக்கக் கூடாது என்று ஆற்றின் அடியில் இரும்புப் பாளங்களைப் புதைத்து வைத்தார்கள். மண்ணை அள்ளிக்கொண்டே போக வேண்டும். இரும்பு கண்ணில் படும்வரை அந்த ஆண்டு வேலை முடிந்ததாகாது. எனக்கு இதைவிட உயர்ந்த தத்துவம் தெரியாது. மேலாக நாலு கூடை மண்ணை அள்ளி வடிகால் ஓரத்திலேயே குவித்துவிட்டு, அடுத்த மழையில் அது மறுபடியும் உள்ளே போய் விழுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த இரும்புப் பாளத்தின் அருமை புரியும்.

வூ வெய்யை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். தாவோ தே ஜிங்கின் அறுபத்து நான்காம் அத்தியாயம் சொல்வது இதுதான்: பிரச்சினை தலைகாட்டும் முன்பே கவனி, குழப்பம் தொடங்கும் முன்பே ஒழுங்குபடுத்து, எல்லாப் பெரியதும் சிறியதிலிருந்துதான் வளர்கிறது. எங்கள் ஊர்க் கணக்கில் அது ஆகஸ்டும் செப்டம்பரும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வருகிறது என்பது குழந்தைக்கும் தெரியும். அதற்கு முன்பே மழைநீர் வடிகாலையும் வரத்துக் கால்வாயையும் கலங்கலையும் சுத்தம் செய்து வைத்தால், மழை வரும் நாளில் யாரும் அலறி ஓட வேண்டியதில்லை. தண்ணீர் தன் பாட்டில் போகும். அதுதான் வூ வெய். நள்ளிரவில் தெருமுனையில் மோட்டார் வைத்து இறைப்பதும், படகு கொண்டுவருவதும், நிவாரணப் பொட்டலம் விநியோகிப்பதும் லாவோ ட்சு எச்சரித்த பதற்றச் செயல்கள். 2015 வெள்ளத்திலும் அது நடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர் என்று வரிசையாக வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியபோதும் நடந்தது. தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளில் இயந்திரங்கள் முழுகின. அந்தப் பட்டறைக்காரரிடம் தண்ணீரைப் போல இருங்கள் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

இதெல்லாம் சீனாவுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். காஞ்சிபுரம் பக்கத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை, ஏரி வாரியம் என்ற குழுவைத் தேர்ந்தெடுக்கும் முறையை விரிவாகச் சொல்கின்றன. யார் உறுப்பினராகலாம், யாருக்குத் தகுதி இல்லை என்றெல்லாம் கல்லில் வெட்டி வைத்தார்கள். கணக்குக் காட்டாதவர் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. குடிமராமத்தும் அந்தப் பொறுப்புணர்விலிருந்து வந்ததுதான். லீ பிங்கும் ஏரி வாரியத்தாரும் சந்தித்திருந்தால் ஒரே தொழில் செய்பவர்களாகப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இனி கன்ஃபூசியஸ். மறுபேச்சில்லாத கீழ்ப்படிதலின் குருவாக அவரைக் காட்டுவது கட்டுரையின் மிக மோசமான பகுதி. லூ நாட்டில் பதவியில் இருந்தவர், ஆட்சி நெறி தவறியபோது வெளியேறிப் பதினான்கு ஆண்டு நாடுநாடாக அலைந்தார். அரசனுக்கு எப்படிச் சேவை செய்வது என்று சீடர் ஒருவர் கேட்டபோது, அவனை ஏமாற்றாதே, ஆனால் முகத்துக்கு நேரே எதிர்த்துச் சொல் என்றார். சொந்தச் சீடர் ரன் சியூ, ஏற்கெனவே கொழுத்த ஒரு குடும்பத்துக்கு வரி வசூலித்து மேலும் சேர்த்துக் கொடுத்தபோது, இவன் என் மாணவனே இல்லை, முரசறைந்து இவனைத் தாக்குங்கள் என்று மற்ற மாணவர்களிடம் சொன்னார். இவரையா வாய் பொத்தி நிற்கச் சொன்னவராக்குவது?

மென்சியஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். சீ நாட்டு அரசரிடம் வரிசையாகக் கேட்டார். குடும்பத்தை நண்பரிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போனவர் திரும்பி வந்து பார்த்தால், பெண்டு பிள்ளைகள் பட்டினி. அந்த நண்பரை என்ன செய்வது? விட்டுவிட வேண்டும் என்றார் அரசர். தனக்குக் கீழே உள்ளவர்களை நடத்தத் தெரியாத அதிகாரியை? நீக்க வேண்டும். நாடே சரியாக நடக்கவில்லை என்றால்? அரசர் இடமும் வலமும் பார்த்துப் பேச்சை மாற்றினார். குறைதீர் கூட்டத்தில் தெருப் பிரச்சினையைச் சொன்ன எவருக்கும் அந்தப் பார்வை பழக்கமானது. மென்சியஸ் கேட்டவர் பக்கம் நிற்கிறார்.

வேலை நேரத்துக்கு வருவோம். 2023 ஏப்ரல் 21 அன்று பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம் தரும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, ஆளும் கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மூன்று நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது; மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். கட்டுரையாளர் சொன்னபடி எல்லோரும் வளைந்துகொடுத்திருந்தால் அம்பத்தூரிலும் ஆவடியிலும் இன்றைக்கு ஷிப்ட் எப்படி ஓடிக்கொண்டிருக்கும் என்று அவரே யோசிக்கட்டும். லாவோ ட்சுவும் கன்ஃபூசியஸும் பிறந்த நாட்டிலேயே, காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை, வாரம் ஆறு நாள் என்ற வேலைமுறை சட்டவிரோதம் என்று 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தாவோ தே ஜிங்கின் எழுபத்தெட்டாம் அத்தியாயம், தண்ணீரைவிட மென்மையானது எதுவும் இல்லை, ஆனால் கடினமானதைத் தாக்குவதில் அதை மிஞ்சவும் எதுவும் இல்லை என்கிறது. தாக்குவதில். அந்தப் பாதியும் அவர் கட்டுரையில் இல்லை.

இந்த நூல்கள் பதற்றத்தைக் குறைக்கும், தூக்கம் வரவழைக்கும் என்று அவர் எழுதிய ஒரு வரி உண்மை. எனக்கும் உதவியிருக்கின்றன. அதற்காக மற்றதையெல்லாம் விட்டுவிட முடியாது.

அவர் பதில் எழுதுவாரானால் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் விடை சொல்லட்டும். கன்ஃபூசியஸின் உரையாடல்களைத் தொகுத்த லுன் யூவின் பதினெட்டாம் பகுதியில், வயலில் ஏர் பூட்டியிருக்கும் இரண்டு துறவிகளிடம் ஆற்றைக் கடக்கும் துறை எங்கே என்று கன்ஃபூசியஸ் தன் சீடரை அனுப்பிக் கேட்கிறார். உலகம் முழுவதும் வெள்ளமாகப் பெருக்கெடுத்து ஓடுகிறது, இதை யார் மாற்ற முடியும், விலகி வந்து எங்களோடு சேர்ந்துகொள் என்கிறார்கள் அவர்கள். கட்டுரையாளரின் உபதேசம் அப்படியே இதுதான். சீடர் திரும்பி வந்து சொல்லக் கேட்ட கன்ஃபூசியஸ் பெருமூச்சு விட்டு, பறவைகளோடும் மிருகங்களோடும் போய் வாழ முடியாது, இந்த மனிதர்களோடு சேராமல் நான் யாரோடு சேர்வது என்றார். உலகம் நெறியோடு இருந்திருந்தால் அதை மாற்ற வேண்டிய வேலையே தனக்கு இருந்திருக்காது என்றார். இதற்கு என்ன பொருள் சொல்கிறார் கட்டுரையாளர்?