செட் மாத்திரைக்கு ஒரு பில் போடச் சொல்லுங்கள்

மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநர் அவர்களுக்கு,
டி.எம்.எஸ். வளாகம், தேனாம்பேட்டை, சென்னை.



"வலி மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டுத்தான் பித்தப்பையில் கல் வந்துடுச்சாமே, உண்மையா?" ஸ்கேன் ரிப்போர்ட்டும் கையுமாக நிற்பவர்கள் கேட்கும் கேள்வி இது. அப்படியெல்லாம் இல்லை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் செலிகாக்ஸிப் என்னும் வலி மாத்திரைக்கு அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட மருந்துக் குறிப்பில், ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகக் காணப்பட்ட கடும் பாதிப்புகளின் வரிசையில் பித்தப்பைக் கல்லும் இருக்கிறது. வரிசையில் பெயர் இருப்பதாலேயே மாத்திரைதான் குற்றவாளி என்றும் ஆகிவிடாது. கொழுப்பு, உடல் எடை, வயது, பிரசவங்கள், பட்டினி கிடந்து வேகமாக இளைப்பது என்று கல்லுக்குக் காரணங்கள் பல உண்டு.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பித்தப்பைக் கல் வலிக்கே மருத்துவமனையில் டைக்ளோஃபெனாக் என்னும் வலி மருந்து ஊசிதான் போடுகிறார்கள். நன்றாகக் கேட்கவும் செய்கிறது. கல் இருப்பது தெரியாத ஒருவருக்கு, பிரியாணி சாப்பிட்ட இரவில் வலது விலாவுக்குக் கீழே பிடிக்கிறது. தோள்பட்டை வரை இழுக்கிறது. கேஸ் என்று நினைத்துச் சோடா குடிக்கிறார். அடங்கவில்லையென்றால் தெருமுனை மெடிக்கலில் வலிக்கு மாத்திரை. வலி நின்றுவிடுகிறது. அடுத்த மாதமும் இதே கதை. கடைசியில் ஸ்கேன் எடுத்தால் கல். மாத்திரையால் கல் வந்ததா, கல்லால் மாத்திரை உள்ளே போனதா? என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எப்போதிலிருந்து என்று தெரிந்தால் அல்லவா சொல்ல முடியும்?

அதைத் தெரியவிடாமல் செய்யும் ஏற்பாடு உங்கள் உரிமம் பெற்ற கடைகளில்தான் நடக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் கட்டட வேலை முடிந்து வருபவர்கள் கவுண்டரில் நிற்கிறார்கள். "உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்கண்ணே." கடைக்காரர் நான்கைந்து டப்பாக்களைத் திறக்கிறார். வலிக்கு ஒன்று, அமிலத்துக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, சில கடைகளில் கேட்காமலேயே ஒரு ஸ்டீராய்டு. பட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் கடையில் தங்கும் பாதியிலேயே நின்றுவிடும். சின்னக் காகிதக் கவர், அதன்மேல் பேனாவால் காலைக்கு ஒரு கோடு, இரவுக்கு ஒரு கோடு. பில் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

டைக்ளோஃபெனாக், மெஃபனமிக் அமிலம், நிமெசுலைடு மூன்றுமே ஷெட்யூல் எச் மருந்துகள். மருந்துச் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது என்று விதி 65 சொல்கிறது. அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருப்பது அழகுக்கு அல்ல. இதெல்லாம் உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பதிவு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு செஃப்ட்ரியாக்சோன் நல்ல சாட்சி. அந்த ஆன்டிபயாடிக் ஊசி பித்தப்பையில் கல் போலவே படியும் என்பதும், ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் தானே கரைந்துவிடும் என்பதும் இன்று மருத்துவ உலகம் அறிந்த செய்தி. அது ஆஸ்பத்திரி ஊசி. எந்த நாளில் எத்தனை கிராம் என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பார்கள். ஸ்கேனும் அங்கேயே எடுப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடிந்தது. காகிதக் கவரில் போன மாத்திரையை எதோடு சேர்த்துப் பார்ப்பது?

மாதவிடாய் வலிக்குப் பெண்கள் சர்வசாதாரணமாகப் போடும் மெஃபனமிக் அமிலம், ட்ரெஸ் என்னும் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்று 2023 நவம்பரில் காசியாபாத்தின் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரித்தது. நாட்டின் பல இடங்களிலிருந்து வந்து சேர்ந்த பக்கவிளைவுப் புகார்களை ஆராய்ந்ததன் விளைவு அது. நோயாளியே 1800-180-3024 என்ற எண்ணில் அழைத்துப் புகார் சொல்லலாம். தமிழிலும் படிவம் உண்டு. ஆனால் படிவத்தின் முக்கியமான கேள்வியே மருந்தின் பெயர்தான். செட் வாங்கியவர் அங்கே என்ன எழுதுவார், "வெள்ளையா, நீளமா ஒண்ணு" என்றா?

உங்கள் துறையால் முடியாது என்று நாங்கள் நம்பத் தயாரில்லை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்னும் பாறு கழுகுகளைக் கொல்கிறது என்பதால் 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மாட்டுக்குப் போய்விடாமல் இருக்க, மனிதர்களுக்கான ஊசிக் குப்பியும் 3 மி.லி.க்கு மேல் இருக்கக் கூடாது என்று 2015-ல் மத்திய அரசு கட்டுப்படுத்தியது. அதை மீறிப் பெரிய குப்பிகளை விற்றவர்களைத் தேடிப் பிடித்து உங்கள் ஆய்வாளர்கள் வழக்குப் போட்டார்கள். மாயாற்றுப் பள்ளத்தாக்கின் கழுகுகளுக்குச் செய்தது நல்ல காரியம். அதே மருந்தை விழுங்கும் மனிதர்களுக்கும் அந்தச் சுறுசுறுப்பு கிடைக்கட்டும்.

செட் மாத்திரையை நாளைக் காலையே ஒழித்துவிடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அரை நாள் கூலியை விட்டுவிட்டு அரசு மருத்துவமனை வரிசையில் நிற்க முடியாதவருக்கு, டீ வடைக் காசில் மருந்து கொடுப்பது அந்தக் கடைதான். கவர்மேல் ஒவ்வொரு மாத்திரையின் பெயரும் அளவும், கையில் ஒரு பில், கடைசி மாத்திரை தீரும்வரை பெயரும் தேதியும் தெரியும்படி வெட்டிய பட்டை. இவ்வளவுதான் கேட்கிறோம். சட்டம் கேட்பதைவிடக் குறைவு.

கூடவே ஒரு தகவலும் வேண்டும். சீட்டும் பில்லும் இல்லாமல் வலி மருந்து விற்றதற்காகக் கடந்த ஓராண்டில் எத்தனை கடைகளின் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது? மாவட்டவாரியாகக் கொடுங்கள். வந்ததை வந்தபடியே அச்சிடுகிறோம்.

இப்படிக்கு,
ஆசிரியர் குழு