992 என்றால் எவ்வளவு?

தரையிறங்கப் போகும் விமானத்துக்குக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஓர் எண் வரும். அந்த வட்டாரக் காற்றழுத்தத்தைக் கடல் மட்டத்துக்கு ஈடாக்கிச் சொல்லும் எண் அது. விமானி அதை உயரமானியில் பதித்தால்தான் கருவி காட்டும் உயரத்தை நம்பலாம். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் அதை ஹெக்டோபாஸ்கலில் சொல்கிறார்கள். அமெரிக்கா, கனடா, ஜப்பான் மூன்றும் பாதரச அங்குலத்தை விடவில்லை.

ஐரோப்பிய நகரம் ஒன்றில் புயல் மழை. கட்டுப்பாட்டு அறை ‘ஒன்பது ஒன்பது இரண்டு’ என்கிறது என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க விமானிக்கு 29.92 பழகிப்போன எண். முன்னால் உள்ள 2 விடுபட்டால் அதுவும் ‘ஒன்பது ஒன்பது இரண்டு’தான். கை தானாகவே 29.92-ஐப் பதித்துவிடக்கூடும். ஆனால், 992 ஹெக்டோபாஸ்கல் என்பது 29.29 அங்குலம். வித்தியாசம் 0.63 அங்குலம்தான்; உயரத்தில் அது சுமார் 600 அடி. கருவி காட்டுவதைவிட 600 அடி தாழ்வாக, மேகத்துக்குள், இரவு நேரத்தில் விமானம் இறங்கிக்கொண்டிருக்கும். விமான நிலைய வானிலை அறிக்கைகளில் எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கும்: சென்னையில் ‘கியூ1008’, நியூயார்க்கில் ‘ஏ2992’. எந்த அலகு என்று சொல்வதற்காகவே அந்த எழுத்து. தாளில் இருக்கும் இந்தக் காவல், அவசரத்தில் வாயால் சொல்லும்போது காணாமல் போகிறது.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஹெக்டோபாஸ்கலையே நியமமாக வைத்திருக்கிறது. சில நாடுகள் மட்டும் பழைய வழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு வலுவான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதே சமயம், அலகு ஒன்றானால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். 2022 மே 23 அன்று பாரிஸின் சார்ல் து கோல் விமான நிலையத்தை நெருங்கிய ஏர்பஸ் ஏ320 விமானத்துக்கு 1001-க்குப் பதிலாக 1011 என்று சொல்லிவிட்டார்கள். இரு தரப்பும் ஹெக்டோபாஸ்கலில்தான் பேசின. 10 ஹெக்டோபாஸ்கல் பிசகு என்றால் 280 அடி. ஓடுதளத்துக்குச் சுமார் ஒரு மைல் முன்பாக, அந்த விமானம் தரையிலிருந்து வெறும் 6 அடி உயரம்வரை தாழ்ந்து, பிறகு மேலெழுந்து தப்பியது.

அலகு மாற்றுவதற்கான கணக்கு ஒன்றும் கடினமில்லை. ஒரு வளிமண்டலம் என்பது 1954-ல் வரையறுக்கப்பட்டபடி 1,01,325 பாஸ்கல், அதாவது 1013.25 ஹெக்டோபாஸ்கல், 760 மில்லிமீட்டர் பாதரசம், ஏறக்குறைய 14.7 பிஎஸ்ஐ. பழைய மில்லிபாரும் இன்றைய ஹெக்டோபாஸ்கலும் ஒன்றேதான். 1971-ல் பாஸ்கல் என்ற பெயர் ஏற்கப்பட்ட பிறகு சட்டை மாற்றிக்கொண்டது, அவ்வளவே. ஹெக்டோபாஸ்கலை முக்காலால் பெருக்கினால் பாதரச மில்லிமீட்டர் வந்துவிடும். இதற்குக் கைபேசிகூட வேண்டாம்.

பெரும்பாலான குழப்பம் இந்தப் பெருக்கலில் வருவதில்லை. எங்கிருந்து அளக்கிறோம் என்பதைக் கேட்காமல் விடுவதில் வருகிறது. பஞ்சர் கடையில் 32 பிஎஸ்ஐ காற்று பிடிக்கிறோம். அது வெளிக்காற்றுக்கு மேலே உள்ள அழுத்தம். வெற்றிடத்திலிருந்து எண்ணினால் டயருக்குள் இருப்பது 46.7. காற்று முழுக்க இறங்கிய டயரில் கருவி பூஜ்யம் காட்டும். உள்ளே ஒரு வளிமண்டலம் அப்படியேதான் இருக்கும். மருத்துவர் சொல்லும் 120-ம் இந்த ரகம். வளிமண்டலம் 760, ரத்த அழுத்தம் 120 என்று அருகருகே வைத்து, ‘ரத்தத்தின் அழுத்தம் காற்றைவிடக் குறைவா?’ என்று கேட்கும் மாணவன் கெட்டிக்காரன். இரண்டும் பாதரச மில்லிமீட்டர்தான். பூஜ்யம்தான் வேறு வேறு.

உதகமண்டலத்துக்குப் போய், அழுத்தமானி உள்ள கைபேசியைப் பாருங்கள். 2,240 மீட்டர் உயரத்தில் அது 780 ஹெக்டோபாஸ்கலை ஒட்டிக் காட்டும். உலகில் இதுவரை கடல் மட்டத்தில் பதிவான மிகக் குறைந்த அழுத்தம் 870. 1979-ல் பசிபிக்கில் வீசிய ‘டிப்’ சூறாவளியின் மையத்தில் அளந்தது. அதைவிடக் கீழே இருந்தும் ஊட்டியில் இலைகூட அசையாமல் இருக்கலாம். மலையின் உயரத்தைக் கழித்து, கடல் மட்டத்துக்கு ஈடாக்கிய பிறகுதான் அந்த எண்ணை இன்னோர் ஊரின் எண்ணோடு ஒப்பிட முடியும்.

எந்த அட்டவணையிலும் முன்வரிசையில் இல்லாத ஒரு மாற்று இருக்கிறது; நமக்கு அதுவே மிகவும் பயன்படும். 1 ஹெக்டோபாஸ்கல் என்பது ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் தண்ணீர். அப்படியானால் முழு வளிமண்டலமும் சுமார் 10.3 மீட்டர் தண்ணீருக்குச் சமம். மேலே உட்கார்ந்து உறிஞ்சும் எந்த மோட்டாரும் அந்த ஆழத்தைத் தாண்ட முடியாது. நடைமுறையில் ஏழெட்டு மீட்டரிலேயே திணறும். மோட்டார் உறிஞ்சுவதாகச் சொல்கிறோமே தவிர, தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றுதான். நீர்மட்டம் இறங்க இறங்க நம் விவசாயிகள் கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி மோட்டாரையும் கீழே இறக்கினார்கள். அதற்கும் கீழே போனபோது, தண்ணீருக்குள் நின்று மேலே தள்ளும் நீர்மூழ்கி மோட்டார் வந்தது. 1640-களில் இத்தாலியில் தொரிசெல்லி பாதரசக் குழாயைக் கவிழ்த்துப் பார்த்ததற்கும் இதே கிணற்றுப் பிரச்சினைதான் தூண்டுதல்.

கடலுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால், அந்த இடத்தில் கடல் சுமார் 1 சென்டிமீட்டர் உயர முடியும். வங்கக் கடலில் புயல் உருவானதும் ‘மையத்தில் அழுத்தம் 980 ஹெக்டோபாஸ்கல்’ என்று செய்தி வருகிறது. மீனவர் குப்பத்தில் வாசிப்பவருக்கு 980 அதிகமா குறைவா என்றே தெரியாது. அடைப்புக்குறிக்குள் அங்குலமும் மில்லிமீட்டரும் சேர்ப்பதால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை. ‘புயலைச் சுற்றிலும் 1006, மையத்தில் 980, 26 குறைவு’ என்று ஒரு வரி எழுதினால் போதும். நேற்று 12 குறைவாக இருந்தது இன்று 26 ஆகியிருந்தால் புயல் வலுத்திருக்கிறது என்பதை அவரே கண்டுகொள்வார். அழுத்தம் குறைந்ததால் மட்டும் கடல் கால் மீட்டர் மேலேறும் என்பதும் அதிலேயே கிடைத்துவிடும். அதற்கு மேல் கரையேறி வரும் தண்ணீர் பெரும்பாலும் காற்று தள்ளிக்கொண்டு வருவது. எச்சரிக்கையில் அதை மீட்டரில் தனியாகவே சொல்ல வேண்டும்.