திட்ட நேர விதிகளும் தப்பிப்போன அயனமும்

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2025 ஜனவரியில் வெளியிட்ட சட்டமுறை எடையளவு (இந்தியத் திட்ட நேரம்) வரைவு விதிகளைப் பற்றி சேலம், ராசிபுரம், நாமக்கல், ஆத்தூர் பக்கத்துக் கணிதர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: இனிமேல் ஜாதகத்தில் உதயாதி நாழிகை எழுதலாமா, கூடாதா? கருத்துச் சொல்லக் கடைசி நாளாகக் குறித்திருந்தது 2025 பிப்ரவரி 14. நம் இதழ் ஒரு பக்கம் நின்றாக வேண்டும்.

எழுதலாம் என்பதே நம் நிலை. வரைவு சொல்வது இவ்வளவுதான். வணிகம், போக்குவரத்து, அரசு நிர்வாகம், ஒப்பந்தம், நிதிப் பரிமாற்றம் எல்லாவற்றுக்கும் இந்தியத் திட்ட நேரம் (ஐ.எஸ்.டி.) ஒன்றே ஆதாரம். அலுவல், வணிகக் காரியங்களில் அனுமதியின்றி வேறு நேரக் கணக்கைக் காட்டக் கூடாது. வானியல், கடற்பயணம், அறிவியல் ஆய்வு ஆகியவற்றுக்கு முன் அனுமதியோடு விலக்கு உண்டு. உதயாதி நாழிகை என்பது உதயத்திலிருந்து கழிந்த பொழுதின் அளவு. ஐ.எஸ்.டி.க்குப் போட்டியாக நாம் நடத்தும் கடிகாரம் அல்ல அது. ஆனால் பஞ்சாங்கம் விலைக்கு விற்கும் பொருள், ஜாதகம் கூலிக்குச் செய்யும் வேலை. ‘வணிகக் காரியம்’ என்ற சொல்லை ஓர் ஆய்வாளர் எப்படி வேண்டுமானாலும் நீட்டிக்கொள்ளலாம். உதயாதி நாழிகை, அகசு (பகல் நீளம்), உள்ளூர் உதயம் மூன்றும் தடையில் சேரா என்று விதியிலேயே ஒரு வரி வேண்டும் என்று எழுதுவோம். முன் அனுமதி வாங்கும் வேலைக்கு நாம் போக வேண்டியதில்லை.

மற்றபடி இதில் பதற ஒன்றும் இல்லை. 1802 முதல் சென்னை வான்காணகத்தின் நேரம், கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னதாக, இந்தப் பக்கம் ஓடியது. ரயிலும் அதில்தான் ஓடியது. 1906 ஜனவரி 1 முதல் 82½ பாகை நேரம், அதாவது ஐ.எஸ்.டி., வந்தது. நம் முன்னோர் தேசாந்திரத்தை மாற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். சேலம் 78 பாகை 9 கலை, ஐ.எஸ்.டி.யிலிருந்து 17 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் கழிக்க வேண்டும். நாமக்கல்லுக்கும் ஏறக்குறைய அதே. இந்தப் பதினேழு நிமிடத்தில் லக்கினம் நாலு பாகைக்கு மேல் நகரும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதல்ல. மென்பொருள் ஏற்கெனவே கழித்துவிட்டதை அறியாமல் கையாலும் ஒரு முறை கழித்து, சந்தியில் பிறந்த குழந்தைக்கு லக்கினத்தையே மாற்றி எழுதுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். விதி வந்தாலும் வராவிட்டாலும் அது நம் வீட்டுக் கோளாறு.

இன்னொரு வீட்டுக் கோளாறு ராகு காலம். தினசரி நாள்காட்டியில் திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை என்று ஆண்டு முழுக்க ஒரே அச்சு. ஆறு மணி உதயம், முப்பது நாழிகை அகசு என்று வைத்துக்கொண்ட கணக்கு அது. சேலத்தில் அகசு இருபத்தெட்டரை நாழிகைக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவே போய்வருகிறது. உதயம் வைகாசி நடுவில் 5.53, தை நடுவில் 6.42. தை மாதத் திங்கட்கிழமை ராகு காலம் நம் ஊரில் 8.09-க்குத் தொடங்கி 9.36-க்கு முடிகிறது. 7.35-க்கு வண்டிச் சாவி வாங்க மறுக்கும் லாரி முதலாளி, 9.10-க்குப் பூஜை போட்டுக் கிளம்பி நேராக அதில்தான் போய் விழுகிறார். நாள்காட்டியில் அச்சிட்ட 7.30 புதிய வரைவின்படி முழுக்கச் சட்டபூர்வமானது. சூரியனுக்கும் அதற்கும்தான் தொடர்பில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு வரைவின் மேல் கோபம் வருகிறது. நாட்டின் நேரத்தைச் சீராக்கப் புறப்பட்டவர்கள் விநாடியின் பின்னத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். தேசிய இயற்பியல் ஆய்வகமும் இஸ்ரோவும் சேர்ந்து அணுக்கடிகாரத்தின் நேரத்தை ஊர் ஊராகக் கொண்டுவரப் போகின்றன. நல்லது. ஆண்டு? இருபத்து நாலு நாள் தள்ளி நிற்கிற ஆண்டைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

2025 தை முதல் நாள் உத்தராயணப் புண்ணிய காலம் என்று நாம் எல்லோரும் அச்சிட்டோம். ஜனவரி 14. சூரியன் தெற்கு எல்லையில் திரும்பியது 2024 டிசம்பர் 21 மாலை மூன்று மணிக்குச் சற்று முன். பூமியின் அச்சு இருபத்து மூன்றரைப் பாகை சாய்ந்திருப்பதால்தான் பருவம் என்பதும், மார்கழிக் குளிரிலேதான் நாம் சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறோம் என்பதும் நமக்குப் பாலபாடம். அந்தச் சாய்வால் சூரியன் திரும்பும் நாளை நாம் விழாவாகக் கொண்டாடவே இல்லை. நாமக்கல் கோட்டைப் பாறை மேல் ஏறிக் கிழக்கே பாருங்கள். ஆனியில் சூரியன் கொல்லிமலைப் பக்கத்திலிருந்து எழும். மார்கழியில் தெற்கே ஒதுங்கித் திருச்சி மாவட்டத்துச் சமவெளிப் பக்கம். இரண்டுக்கும் நடுவே நாற்பத்தெட்டுப் பாகை. மார்கழி முதல் வாரத்தில் உதயப்புள்ளி சில நாள் ஒரே இடத்தில் நிற்கும். பிறகு வடக்கே நகரத் தொடங்கும். பொங்கலன்று அது இரண்டு பாகைக்கு மேல் வந்துவிட்டிருக்கும், அதாவது நாலு சூரிய அகலம். கருவியே வேண்டாம், கண்ணே போதும். மாடு மேய்க்கிறவர் மார்கழி முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார், நாம் தை பிறக்கும்வரை காத்திருந்து அறிவிக்கிறோம்.

தள்ளிப்போவது நிற்கவும் இல்லை. நட்சத்திர ஆண்டு பருவ ஆண்டைவிட இருபது நிமிடம் நீளம். எழுபத்தோரு ஆண்டுக்கு ஒரு நாள். வாக்கியப் பஞ்சாங்கத்தின் 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை இன்னும் நீளம். அறுபத்தோரு ஆண்டுக்கே ஒரு நாள் போய்விடும். விவேகானந்தர் வங்கத்தில் பிறந்த 1863 ஜனவரி 12 அன்று மகர சங்கராந்தி. இப்போது அது 14. 2023-இலும் 2024-இலும் நமக்குப் பொங்கல் 15-இல் வந்தபோது, லீப் ஆண்டுக் கணக்கு என்று தொலைக்காட்சியில் விளக்கம் சொன்னார்கள். லீப் ஆண்டால் தேதி முன்னும் பின்னும் ஆடும், அவ்வளவே. 12-ஐ விட்டு 15-க்கு வந்தது அந்த ஆட்டம் அல்ல.

அக்னி நட்சத்திரத்தை, அதாவது கத்திரியை, கணக்கிட்டுப் பாருங்கள். என் பார்வையில் இதைவிடப் பெரிய சான்று கிடையாது. பரணி மூன்றாம் பாதம் முதல் ரோகிணி முதல் பாதம் வரை, நிராயணத்தில் (நட்சத்திரக் கணக்கில்) 20 பாகையிலிருந்து 43 பாகை 20 கலை. அயனாம்சம் பூஜ்யமாக இருந்த காலத்தில், லாகிரி கணக்குப்படி கி.பி. 285 வாக்கில், இதுவேதான் சாயனமும் (விஷுவத்திலிருந்து எண்ணும் கணக்கும்). அதற்குக் கிராந்தி (நடுக்கோட்டிலிருந்து சூரியன் விலகிய அளவு) எடுத்தால் எட்டுப் பாகைக்குச் சற்றுக் குறைவில் தொடங்கிப் பதினாறுக்குச் சற்றுக் குறைவில் முடிகிறது. அட்சாம்சம் கன்னியாகுமரிக்கு 8, கும்மிடிப்பூண்டிக்கு 13½. அன்று கத்திரி நடந்த நாட்களில்தான் சூரியன் தென்கோடி தொடங்கி வடகோடி வரை ஒவ்வோர் ஊராக உச்சந்தலைக்கு நேரே ஏறிப் போயிருக்கிறது. ஆண்டின் முதல் நிழல் இல்லாத நடுப்பகல் தமிழ்நாடு முழுக்க ஒவ்வோர் ஊருக்கும் அந்த இருபத்தைந்து நாளுக்குள்தான் வந்தது. அதற்காகவே இந்தப் பாதங்களைத் தேர்ந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பொருத்தம் அப்படி அமைந்திருக்கிறது.

இன்று? அதே பாதங்கள் மே 4 முதல் 28 வரை. அந்நாட்களில் சூரியன் விஜயவாடாவின் நேருக்கு நெருங்கித் தொடங்கி நாக்பூரைத் தாண்டி நிற்கிறது. சேலத்தின் உச்சியை அது ஏப்ரல் 20-ஆம் தேதியே கடந்துவிடுகிறது, கத்திரி பிறக்க இரண்டு வாரம் முன்னால். ஓமலூர்ப் பக்கம் கடலைக்காட்டில் நிற்பவரைக் கேட்டால் சித்திரை முதல் வாரத்து வெயிலைத்தான் சொல்வார். கோடை மழை நாலு தூறல் போட்டுவிட்டால் வைகாசி தணிந்துவிடும். (ஆவணி முதல் வாரத்திலும் சூரியன் நம் தலைக்கு மேல் வருகிறது. தென்மேற்கு மேகம் மூடியிருப்பதால் யாரும் கவனிப்பதில்லை.) கத்திரி என்ற கணக்கு வானிலைத் துறையின் கணக்கில் கிடையாது. ஆனாலும் செய்தித்தாள் ஆண்டுதோறும் முதல் பக்கத்தில் போடுகிறது, நம்மையே மேற்கோள் காட்டி. இன்னும் ஆயிரம் ஆண்டு இப்படியே போனால் கத்திரி ஜூனுக்கு நெருங்கியிருக்கும். ஆடிப்பட்டம் முழுக்க ஆடியில் இருக்காது.

இதற்கு மருந்து இல்லையென்றால் பேசாமல் இருக்கலாம். மருந்து எழுதி எழுபது ஆண்டு ஆகிறது. 1952-இல் அமைத்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, மேக்நாத் சாகா தலைவர், லாகிரி செயலர், 1955-இல் அறிக்கை தந்தது. அதில் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது சக ஆண்டை மட்டும்தான். சைத்திரம் 1, மார்ச் 22. 1957 முதல் அரசிதழில் அச்சாகிறது, வானொலியில் வாசிக்கிறார்கள். நான் சொல்ல வருவது சமய மாதங்களுக்கு அந்தக் குழு சொன்ன வழி. பழைய இடத்துக்கு இருபத்து மூன்று நாள் இழுத்தால் மக்கள் ஏற்க மாட்டார்கள் என்று தெரிந்து, இருக்கும் இடத்திலேயே நிறுத்தச் சொன்னார்கள். சூரியனின் சாயன ஸ்புடம் 23 பாகை 15 கலையைத் தொட்டால் ஆண்டுப் பிறப்பு. அதிலிருந்து முப்பது முப்பது பாகைக்கு ஒரு மாதம். அதை ஏற்றிருந்தால் தை முதல் நாள் ஜனவரி 13, 14-ஐத் தாண்டாது, நூறு ஆண்டு போனாலும் தாண்டாது. நட்சத்திரம் பார்க்க ஓடும் அயனாம்சம் அப்படியே இருக்கும். ஜாதகத்தில் ஒரு கலை மாறாது. இதைவிட நயமாக யார் சொல்வார்கள்?

சொன்னதை அரசு என்ன செய்தது? கொல்கத்தாவில் ஒரு மையம் வைத்துத் தமிழ் உட்படப் பல மொழிகளில் ராஷ்ட்ரிய பஞ்சாங்கம் போடுகிறது. சேலம் முதல் அக்ரகாரத்துப் புத்தகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பெயரைத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். ஓர் அரசு அலுவலகத்தில் நான் கேட்டபோது, பஞ்சாங்கமா, அது அறநிலையத் துறை சார் என்று அடுத்த கட்டடத்தைக் காட்டினார்கள். மாநிலத்தின் கதை இன்னும் விசித்திரம். 2008-இல் தை முதல் நாளே புத்தாண்டு என்று சட்டம். 2011-இல் இல்லை, சித்திரைதான் என்று மறு சட்டம். மாறியது மாதத்தின் பெயர் மட்டும். தை 1-உம் அயனத்தில் இல்லை. சித்திரை 1-உம் விஷுவத்தில் இல்லை. இரண்டும் இருபத்து நாலு, இருபத்தைந்து நாள் தள்ளியே நிற்கின்றன. இரண்டு முறை சட்டம் செய்தவர்கள் ஒரு கணிதரைக் கூப்பிட்டு, ஐயா, சூரியன் எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தால் அரை மணி நேர வேலை. இப்போது மூன்றாவதாக ஒரு விதி வருகிறது. அது நம்மிடம் நிமிடத்தைக் கேட்கிறது, நாளைக் கேட்கவில்லை.

நம் பங்கும் சின்னதல்ல. சென்னை வான்காணகத்தில் முதல் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டு, வாக்கியக்காரர்களிடம் ஏச்சு வாங்கினார். அந்தச் சண்டையை இன்றும் நாம் விடவில்லை. சனிப்பெயர்ச்சி எந்த ஆண்டு என்று ஒவ்வொரு முறையும் இரண்டு தேதி கொடுத்து மக்களை அலைக்கழிக்கிறோம். இவ்வளவு சண்டை போடும் இரு தரப்பும் ஒத்துப்போகும் ஒரே விஷயம், அயனத்தைத் தைப் பிறப்பில் அச்சிடுவது. அயன சலனத்தை ஒப்புக்கொள்ளும் சூரிய சித்தாந்தம் அது 27 பாகை போய்த் திரும்பும் என்றது. அந்தத் திருப்பத்துக்காகக் காத்திருக்கிறோம் போலும். 24 பாகை ஆகிவிட்டது. அச்சு திரும்பாது. ஏறக்குறைய 25,800 ஆண்டில் முழுச் சுற்றுச் சுற்றும்.

ஆகவே துறைக்கு நாம் அனுப்பும் கடிதத்தில் மூன்று வேண்டுகோள். உதயாதி கணக்குக்கு விதியிலேயே விலக்கு. ஐ.எஸ்.டி. பரப்பும் அமைப்பே மாவட்டத் தலைநகர் தோறும் அன்றாட உதய, அஸ்தமன நேரத்தையும் இலவசமாகத் தர வேண்டும். சென்னை உதயத்தை வைத்து ஓமலூருக்கு முகூர்த்தம் குறிக்கும் கூத்து அதோடு முடியட்டும். மூன்றாவது, 23 பாகை 15 கலைப் பரிந்துரையை மறு ஆய்வுக்கு எடுத்து, இந்த முறை கணிதர்களையும் உட்கார வைக்க வேண்டும். மூன்றாவது வேண்டுகோள் இந்த விதியின் வரம்பில் வராது என்று பதில் வரும் என்று எனக்குத் தெரியும். வரட்டும், அந்தப் பதிலை அப்படியே அச்சிடுவோம்.

அடுத்த ஆண்டுப் பஞ்சாங்கத்துக்கு அச்சுப்படி தயாரிப்பவர்கள் மார்கழிப் பக்கத்தில் ‘சாயன உத்தராயணம்’ என்று ஒரு வரி சேருங்கள். தை வரியை எடுக்க வேண்டாம். சித்திரை 7, ஏப்ரல் 20 அன்று சேலத்தில் பகல் 12.16-க்குச் சமதரையில் ஒரு சங்கு (நிழற்குச்சி) நடுங்கள். நாமக்கல்காரர்கள் முதல் நாளே. நிழல் அடியில் ஒடுங்குவதைப் படம் எடுத்து, ஊர், அட்சாம்சம், நேரத்தோடு ஆசிரியர் குழுவுக்கு அனுப்பினால் வைகாசி இதழில் கத்திரிப் பக்கத்தில் போடுகிறோம்.