புழுவுக்கு முன்னால ஒரு ஒழுங்கை வேணும்

சீனன்குடாவில் புழுப் பண்ணை தொடங்கலாமா என்ற பேச்சு வந்தபோது எங்களுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "ஊரில சிப்பாய்க்கு என்ன பஞ்சமோ, இப்ப சிப்பாய் ஈயும் வேணுமோ?" என்று ஒருத்தர் கேட்டார். கறுப்புச் சிப்பாய் ஈ, அதுதான் அதின்ட பெயர். சிரிச்சு முடிஞ்ச பிறகு கணக்குப் பார்த்தோம். அந்தக் கணக்குத்தான் இந்தக் கட்டுரை.

இது வீட்டு ஈ இல்லை. வளர்ந்த ஈ கடிக்காது, சாப்பாட்டில மொய்க்காது. ஒரு கிழமை அளவில வாழ்ந்து, சோடி சேர்ந்து, சில நூறு முட்டை இட்டுச் செத்துப்போகும். தின்கிறதெல்லாம் புழுவாக இருக்கும்போதுதான். முட்டை பொரிக்க நாலு நாள் அளவு. பிறகு இரண்டு கிழமைக்குச் சோறு, மரக்கறிக் கழிவு, பழத்தோல் என்று தின்று கொழுக்கும். காய்ந்த புழுவில் ஏறத்தாழ 40 வீதம் புரதம். மிஞ்சுற எச்சம் தோட்டத்துக்குப் பசளை.

இதை இப்ப பேசுறதுக்குக் காரணம் இருக்கு. 2021 இல் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். அவ்வளவு கூட்டெருவுக்கு எங்க போறது என்று யோசிக்கேல்ல. அடுத்த வருசம் டொலர் இல்லாமல் கோழித் தீன் விலை ஏறியது. 2023 இல் இந்தியாவில இருந்து முட்டை இறக்கினோம். இன்னொரு பக்கம், 2017 புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30க்கு மேற்பட்டோர் செத்தார்கள். அம்பாறைப் பள்ளக்காட்டில் யானைகள் குப்பைமேட்டு பிளாஸ்டிக்கைத் தின்று சாகின்றன. தீன் இல்லை என்கிறோம், தீனாகக் கூடியதை வண்டியில ஏற்றி அனுப்புறோம்.

ஆனா "வீட்டில இருந்தே இலட்சம் உழைக்கலாம்" என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். 10 கிலோ ஈரக் கழிவு போட்டால் ஒன்றரை, இரண்டு கிலோ பச்சைப் புழு வரும். காய வைத்தால் அரைக் கிலோ அளவுதான். ஒரு முட்டைக் கோழிக்கே நாளுக்கு 110 கிராமுக்குக் குறையாமல் தீன் வேணும். புழுவை மட்டும் போட்டு வளர்க்கவும் ஏலாது. தீனில ஒரு பங்குக்குத்தான் அது. அதோட, எந்த வீட்டிலயும் ஒரு நாளைக்கு 10 கிலோ கழிவு வராது.

அப்ப கைவிடுறதா? இல்லை. கணக்குச் சொல்றது வேற: இது தனி ஒருத்தர் பணக்காரர் ஆகிற தொழில் இல்லை, ஒரு ஒழுங்கை சேர்ந்து செய்யிற வேலை. பத்துப் பதினைந்து வீடும் ஒரு சாப்பாட்டுக் கடையும் சேர்ந்தால் கழிவு காணும். கோழி வளர்க்கிற வீட்டுக்குப் புழு, தோட்டம் இருக்கிற வீட்டுக்கு எச்சம்.

இதில ஒரு விசயத்தை ஒளிக்கக் கூடாது. கழிவைப் பிரிக்கிறது ஆர்? பொலித்தீனைத் தனியா, சோத்தைத் தனியா எடுத்து வைக்கப் போறது பெரும்பாலும் எங்கட அம்மாக்களும் அக்காக்களும்தான். பெடியள் பண்ணைக்காரர், பெண்கள் சும்மா உதவி என்று இருந்தால் அது முதல் மாசமே படுத்துவிடும். முட்டையிலும் காசிலும் பிரிக்கிறவைக்குப் பங்கு வேணும்.

எச்சரிக்கையும் வேணும். ஐரோப்பிய ஒன்றியம் பூச்சிப் புரதத்தை 2017 இல் மீன் வளர்ப்புக்கும், 2021 இல் கோழிக்கும் பன்றிக்கும் அனுமதித்தது. ஆனா சமையலறைக் கழிவில வளர்த்த புழுவை அங்க பண்ணை விலங்குக்குக் கொடுக்க ஏலாது. நோய் பரவும் என்ற பயம். ஆகவே இறைச்சி, மீன் கழிவைச் சேர்க்காமல், எங்கட வளவுக் கோழியோட நிற்பது நல்லது. சந்தைக்கு விற்க முதல் மிருக வைத்தியரைக் கேட்க வேணும். எறும்பு முட்டையைத் தூக்கிவிடும். மேசைக் கால்களைத் தண்ணிச் சிரட்டையில வைக்க வேணும். ஈ சோடி சேர வெயில் வேணும். மாரியில எங்கட பக்கம் அது குறைவு. கழிவு கூடி ஈரம் மிஞ்சினால் நாறும், பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவினம், அது நியாயமும்கூட.

அதனால பண்ணை என்ற பெரிய சொல்லை விடுவோம். மழை விட்டு வெயில் ஏறும் மாசியில, ஒரு மூடி போட்ட பேசினோட தொடங்குவோம். அதுக்கு முதல், ஒழுங்கையில ஒவ்வொரு வீட்டுக்கும் போய், உங்கட சோத்துக் கழிவைத் தனியா எடுத்து வைப்பீங்களோ என்று கேட்போம். ஐந்து வீடு ஓம் என்றாலும் போதும்.