அறங்களின் அடைவு

அன்பு, பொறை, வாய்மை, ஈகை முதலாய நற்பண்புகளைப் போற்றாதார் இலர். எனினும், அவற்றைத் தனித்தனியே போற்றுவதால் விளையும் தீங்கொன்று உண்டு. அவரவரும் தமக்கு எளியதைத் தாம் வைத்துக்கொண்டு, அரியதைப் பிறர்க்கு விதித்துவிடுவர். வலியோர் எளியோர்க்குப் பொறுமையை உபதேசிப்பர். தமக்குரிய நடுவுநிலைமையை மறப்பர். ஆகவே, எப்பண்பு எவர்க்குரியது, எது எதனோடு சேர்ந்து நிற்பது என முறைப்படுத்திக் காட்டுவதே சிறந்த அறநூலின் கடன் என்பது எம் துணிபு.

கிரேக்க அறிஞர் பிளேட்டோ அறிவு, வீரம், அடக்கம், நீதி என்னும் நான்கினைக் கொண்டு நாட்டையும் மனித உள்ளத்தையும் ஒருங்கே வகுத்துக் காட்டினார். வள்ளுவப் பெருந்தகையின் வைப்புமுறை வேறு. திருக்குறளின் 133 அதிகாரங்களுள் 99ஆவதாகிய சான்றாண்மையில், ஐந்து பண்புகளைத் தூண்களாக அவர் நாட்டுகின்றார். அவ்வைந்தும் நூலில் எங்கெங்கே விரிக்கப்பெற்றுள்ளன என நோக்குதல் வேண்டும். பரிமேலழகர் பகுப்பின்படி அன்பும் ஒப்புரவும் இல்லறவியலில் உள்ளன. வாய்மை துறவறவியலில் உளது. கண்ணோட்டம் அரசியலிலும் நாண் ஒழிபியலிலும் அமைந்தன. வீடும் துறவும் ஆட்சியும் குடிமையும் தத்தம் பங்கை அளித்தாலன்றிச் சால்பு நிரம்பாது என்பது இதனாற் பெறப்படும். ஒரு தூண் சரியின் ஏனைய நான்கும் சுமை தாங்கா.

இவ்வடைவு ஏட்டளவில் நிற்பதன்று. வட்டவளை மலைச்சரிவுகளில் மழையில் நனைந்து கொழுந்து பறிப்போரிடம் பொறுமையைக் கேளாதவர் யார்? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. இடைப்பட்ட 55 ஆண்டுகளில் இம்மக்களிடம் பொறைக்குக் குறைவில்லை. ஆள்வோரிடத்துக் கண்ணோட்டமே குறைந்திருந்தது. பொறையுடைமையை இல்லறத்தானுக்கு உரைத்த நூலே கண்ணோட்டத்தை ஆள்வோனுக்கு உரைத்தது. முன்னதை மட்டும் எடுத்துரைத்துப் பின்னதை மறைத்தல் அறமாகாது.

அவ்வாறே, கொழுந்து நிறுப்போர்க்கு நடுவுநிலைமை உரியது. லயத்து அறையில் பிறந்து, கற்று, பதவி பெற்று நகர் சென்றார்க்கு ஒப்புரவு உரியது. பிறந்த தோட்டத்துப் பிள்ளைகளின் கல்விக்குத் தோள் கொடாதவர், ஆள்வோரின் கண்ணோட்டமின்மையைப் பழித்தல் எங்ஙனம் பொருந்தும்? இவ்விழா மலரை ஏந்தும் பழைய மாணவர் இதனைச் சிந்திப்பாராக.

ஆசிரியராகிய எமக்கும் கடமையொன்று உண்டு. நாளொரு குறளைக் கரும்பலகையில் எழுதி ஒப்புவிக்கச் செய்வதோடு எம் பணி முடிவதில்லை. அக்குறள் எவ்வியலில் நிற்கின்றது, யாரை நோக்கிப் பேசுகின்றது, தன் வாழ்வில் எவ்விடத்துக்கு உரியது என மாணவன் வினவக் கற்பித்தல் வேண்டும். அங்ஙனம் வினவப் பழகியவன் தன் கடமையை மறவான். பிறர் கடமையைக் கேட்கவும் அஞ்சான்.