நாற்பத்தைந்தில் கூடும் மறதி

நாற்பத்தைந்தைத் தாண்டிய தாய்மாரைப் பற்றி எமது வீடுகளில் ஒரே முறைப்பாடுதான்: "அம்மாவுக்கு இப்ப ஒண்டும் நினைவில்லை." பால் பொங்கி வழியும், குடும்ப அட்டை வைத்த இடம் தெரியாது, தொடங்கிய வேலை பாதியிற் கிடக்கும். வயது என்பார்கள், இடம்பெயர்ந்த யோசனை என்பார்கள். சில கணவன்மார் ஏசுவதோடு முடித்துவிடுவார்கள். இன்னொரு காரணமும் இருக்கலாம் என்பதை எவரும் எண்ணுவதில்லை.

கவனக்குறைவுக் கோளாறு என ஒன்றுண்டு, வைத்தியர்கள் ஏ.டி.எச்.டி என்பர். கவனத்தை ஓரிடத்தில் நிறுத்தவும் வேலைகளை ஒழுங்கு செய்யவும் இடர்ப்படும் நிலை இது. சிறுவயதிலேயே தொடங்குவது. துள்ளித் திரியும் பையனை ஆசிரியர் கண்டுகொள்வார். யன்னலுக்கு வெளியே பார்த்தபடி பேசாமலிருக்கும் பெண்பிள்ளையை யார் காண்பது?

மாதவிடாய் நிற்பதற்குச் சில வருடங்களுக்கு முன்பிருந்தே ஈஸ்திரஜன் என்னும் ஓமோன் ஏறியிறங்கிப் பின் குறைகிறது. கவனத்துக்கு வேண்டிய டோபமின் என்ற மூளை இரசாயனம் நன்கு வேலை செய்ய அந்த ஓமோன் துணைநிற்பது. ஆகவே ஏற்கெனவே இக்கோளாறுள்ள பெண்ணுக்கு இக்காலத்தில் மறதியும் தடுமாற்றமும் கூடலாம். இரவில் உடல் கொதித்து வியர்த்து நித்திரை குழம்பினால் இன்னும் மோசம்.

அதுவரை அவள் எப்படிச் சமாளித்தாள்? பெரும்பாலும் பழகிய ஒழுங்கினால். மண்வெட்டி சாய்க்க ஒரு மூலை, சாவி கொழுவ ஓர் ஆணி, மாடு கறக்க ஒரு நேரம். வீட்டோடும் தோட்டத்தோடும் அந்த ஒழுங்கும் போயிற்று. முகாமிலும் உறவினர் வீட்டு விறாந்தையிலும் எதற்குமே நிலையான இடம் இருக்கவில்லை. ஓமோன் குறையும் வயதில் இதுவும் வந்து சேர்ந்தவளைக் கவனமில்லாதவள் என்பது அநியாயம்.

நடுவயதில் வரும் மறதியெல்லாம் இக்கோளாறு அன்று. மாதவிடாய் நிற்கும் காலமே சிலரை மறதிக்காரர் ஆக்கும். இரத்தசோகை, தைரொயிட் குறைபாடு, மனச்சோர்வு, போர் தந்த மனக்காயம் ஆகியனவும் இப்படிக் காட்டும். பிரித்தறிய முதலிற் கேட்க வேண்டியது, "சின்ன வயதிலும் இப்படித்தானா?" என்பதே. அவளுடைய தாயோ தமக்கையோ நன்றாகச் சொல்வார்கள்.

இலங்கையில் 1996இல் ஆரம்பிக்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக்குகளில் 35 வயதைத் தாண்டிய பெண்களின் இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பு, கருப்பைக் கழுத்து என்பன பார்க்கப்படுகின்றன. நல்ல வேலை. இந்தக் கேள்வியையும் அங்கே கேட்கவேண்டும் என்பதே எமது கருத்து. கேட்காவிட்டால் நீங்களே மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். இக்கோளாறுக்கும் மாதவிடாய் நிற்கும்காலத் தொல்லைகளுக்கும் சிகிச்சை உண்டு. அதுவரை அட்டைக்கும் சாவிக்கும் சுவரில் ஓர் ஆணி அடித்துக் கொடுப்பது கணவன்மாராற் கூடிய காரியந்தான்.