இசட் பிளஸுக்கு விலக்கு உண்டு, நோயாளிக்கு இல்லையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கறுப்புக் கண்ணாடி வண்டிகளை மடக்கி அபராதம் போட்டார்கள் என்ற செய்தி புனே நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. காவலர் ஒருவர் நடுரோட்டில் ஃபிலிமை உரிக்கும் படமும் கூடவே இருக்கும். 'நல்லா வேணும்' என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். அந்த வலையில் நோயாளிகளும் சேர்ந்து மாட்டுகிறார்கள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் மனைவிக்கு லூபஸ் நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் வியாதி. பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் பலருக்கு நோய் கிளர்ந்துவிடும். கன்னத்தில் சிவப்புத் தடிப்பு, மூட்டுவலி, அசதி என்று தொடங்கி, சிலருக்குச் சிறுநீரகம் வரை போகும். காருக்குள் ஏறிவிட்டால் வெயில் படாது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். முன்கண்ணாடியைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய சரி. இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டிய லாமினேட் கண்ணாடி என்பதால் புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். கதவில் இருக்கும் கண்ணாடி அப்படியல்ல. சூடேற்றி இறுக்கிய ஒற்றைக் கண்ணாடியான அது, யுவி-பி கதிரை நிறுத்தினாலும் யுவி-ஏ கதிரில் கணிசமான பங்கை உள்ளே விட்டுவிடும். ஃபாத்திமா நகர் சிக்னலில் வண்டி நகராமல் நிற்கும்போது இடப்பக்க சீட்டில் இருப்பவர் கையில் விழுவது அந்தக் கதிர்தான். ஏப்ரல், மே மாதங்களில் முழுக்கை ரவிக்கை, தலையைச் சுற்றித் துப்பட்டா, சன்ஸ்கிரீன் இத்தனையும் போட்டுக்கொண்டுதான் என் மனைவி ஆஸ்பத்திரிக்கே வர வேண்டியிருக்கிறது.

இதற்கு மாற்று கடையில் இருக்கிறது. நிறமே இல்லாத யுவி ஃபிலிம், புற ஊதாக் கதிரில் 99 சதவீதத்தைத் தடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைப் பெரும்பாலும் அப்படியே உள்ளே விடும். கண்ணாடி கறுப்பாக இருப்பது வேறு, கதிரைத் தடுப்பது வேறு. மலிவான கறுப்புத் தாள் காருக்குள் இருட்டைத் தரும். கதிரைத் தடுக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. டாக்டர் சீட்டு வாங்கிக்கொண்டு, நிறமில்லாத ஃபிலிமைப் பக்கக் கண்ணாடிகளில் ஒட்டினோம். வெளியே நின்று பார்த்தால் உள்ளே இருப்பவரின் மூக்குத்தி வரை தெரியும்.

சிக்கல் பாஸிங்கில், அதாவது ஆர்.டி.ஓ. சோதனையில் வந்தது. காருக்குப் பதினைந்து வருஷம் முடிந்தால் 5,000 ரூபாய் கட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டியாக வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் விளக்கு, ஹாரன், டயர், சேசிஸ் நம்பர் எல்லாம் பார்த்தார். கடைசியில் கண்ணாடியைப் பாதி இறக்கச் சொல்லி, மேல் விளிம்பைக் கட்டைவிரல் நகத்தால் மெதுவாகச் சுரண்டினார். ஃபிலிமின் ஓரம் நகத்தில் தட்டியது. அவ்வளவுதான், "காகா, ஃபிலிமை எடுத்துவிட்டு வாருங்கள்" என்று மராட்டியில் சொல்லிவிட்டார். டாக்டர் சீட்டை நீட்டினேன். மரியாதையாக வாங்கி முழுவதும் படித்தார். "நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் இதைக் குறிக்க என் ஃபாரத்தில் இடம் இல்லையே" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்த இடம் இல்லாததுதான் என் புகார்.

ஃபிலிமை உரித்து, ஒட்டியிருந்த பசையைச் சோப்புத் தண்ணீரும் பிளேடும் வைத்துச் சுரண்டி எடுத்த கடைக்காரர், "பாஸிங் முடிந்ததும் வாருங்கள், மறுபடி ஒட்டிவிடலாம்" என்று சாதாரணமாகச் சொன்னார். ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம். காட்டும்போது உரிப்பதும் காட்டிய பிறகு ஒட்டுவதும் தெரிந்த தந்திரம் என்றால், அந்தச் சோதனை யாருக்காக?

சட்டம் ஏன் வந்தது என்பதை நான் மறக்கவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100ஆவது விதி 1989 முதல் இருக்கிறது. முன், பின் கண்ணாடிகளில் குறைந்தது 70 சதவீத வெளிச்சமும் பக்கக் கண்ணாடிகளில் குறைந்தது 50 சதவீதமும் உள்ளே போக வேண்டும் என்பது அதன் சாரம். அவிஷேக் கோயங்கா தொடுத்த பொதுநல வழக்கில், 2012 ஏப்ரல் 27 அன்று தலைமை நீதிபதி எஸ்.எச். கபாடியா தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு இன்னும் ஒரு படி மேலே போனது. தொழிற்சாலையிலிருந்து வரும் கண்ணாடியிலேயே அந்த அளவு இருக்க வேண்டும். எத்தனை சதவீத வெளிச்சம் போனாலும் சரி, அதன்மேல் ஃபிலிமோ வேறெந்தப் பொருளோ ஒட்டக்கூடாது என்று தீர்ப்பளித்து, மே 4 முதல் அமலாக்கச் சொன்னது. கடத்தலும் பலாத்காரமும் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நடக்கின்றன என்ற காவல்துறையின் கவலைதான் அதற்கு அடிப்படை. அதே ஆண்டு டிசம்பர் 16 இரவு தில்லியில் ஓடும் பஸ்ஸில் நடந்த கூட்டுப் பலாத்காரத்தை நினைத்தால், அந்தக் கவலையை யாரும் அலட்சியம் செய்ய முடியாது. வண்டிக்குள் இருப்பவர் வெளியே தெரிய வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் விலக்கே கூடாது என்று அந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. இசட், இசட் பிளஸ் பாதுகாப்பில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. அதைத் தனித்தனியாகப் பரிசீலிக்க உள்துறைச் செயலரும் காவல்துறைத் தலைவர் அல்லது ஆணையரும் கொண்ட குழு உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் காகிதம் பார்த்து, விசாரித்து, அனுமதி கொடுக்க அரசாங்கத்துக்குத் தெரிகிறது. அந்த ஆபத்து வெயிலிலிருந்து வந்தால் மட்டும் மனு வாங்க ஒரு மேஜை கூடக் கிடையாது.

அதன் பிறகு விதியே மாறிவிட்டது. 2020இல் செய்த திருத்தம் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கண்ணாடியோடு, உட்புறத்தில் பிளாஸ்டிக் படலம் சேர்ந்த பாதுகாப்புக் கண்ணாடியையும் இந்தியத் தர நிர்ணயப்படி அது அனுமதிக்கிறது. 70, 50 என்ற அளவுகள் மட்டும் அப்படியே. இதை வைத்துத்தான் 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி என். நகரேஷ், அளவுக்கு உட்பட்ட ஃபிலிமுக்கு அபராதம் போட முடியாது, இந்த வசதி தயாரிப்பாளர்களுக்கு மட்டுமல்ல, வண்டி உரிமையாளருக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பு மராட்டிய அதிகாரிகளைக் கட்டுப்படுத்தாது. திருத்தப்பட்ட விதியோ நாடு முழுவதற்கும் ஒன்றுதான். ஆக, கொச்சியில் செல்லும் ஃபிலிம் எங்கள் புனே வானவடியில் செல்லாது. இங்கே முதல் தடவை 500 ரூபாய், அதற்குப் பிறகு 1,500 ரூபாய் என்று ஈ-சலான் வரும்.

எல்லாருக்கும் வந்தாலாவது சரி. ஜாம்புள்கர் சௌக்கில் சாயங்காலம் நின்று பாருங்கள். பின்கண்ணாடியில் தலைவர் படமும் நான்கு கதவிலும் கரிக்கறுப்புத் தாளுமாகப் பெரிய வண்டிகள் தடையின்றிப் போகும். விதி கேட்பது எண். அந்த எண்ணைக் காட்ட, கண்ணாடியின் இரு பக்கமும் வைத்துப் பார்க்கும் கையடக்க மீட்டர் இருக்கிறது. அது கையில் இல்லாதபோது நகமும் கண்ணும்தான் தீர்ப்பு சொல்கின்றன. நகத்துக்கு எல்லா ஃபிலிமும் ஒன்றுதான், கண்ணுக்கோ எந்த வண்டியை மறிக்கலாம் என்று தெரிகிறது.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கண்ணாடிச் சட்டம் நம்மைவிடக் கடுமை. பக்கக் கண்ணாடிக்கே 70 சதவீதம். 2017 முதல் வருடாந்தரச் சோதனையிலும் கண்ணாடியை அளந்தே ஆக வேண்டும். அங்கேயும் டாக்டர் சான்றோடு விண்ணப்பித்தால் விலக்கு கிடைக்கிறது. லூபஸ், போர்ஃபிரியா, ஜீரோடெர்மா பிக்மென்டோசம், அல்பினிசம் என்று எந்தெந்த நோய்க்கு என்ற பட்டியலே வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல் அவசியம். லூபஸ் உள்ளவருக்கு நிறமில்லாத ஃபிலிம் போதும். போர்ஃபிரியாவில் ஒரு வகைக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே ஆகாது. அவர்களுக்கு 50 சதவீதத்துக்குக் கீழேதான் போயாக வேண்டும்.

'டாக்டர் சீட்டை எவன் வேண்டுமானாலும் வாங்கிவிடுவான்' என்பார்கள். நியாயமான பயம்தான். அதனால்தான் தனியார் சீட்டை நம்பச் சொல்லவில்லை. மாற்றுத் திறனாளி சான்றைப் போல அரசு மருத்துவமனைக் குழு பார்த்துக் கொடுக்கட்டும். சி.என்.ஜி. கிட் மாட்டினால் ஆர்.சி.யில் குறிப்பதைப் போல இதையும் குறிக்கட்டும். வண்டி எண்ணைப் போனில் தட்டும் காவலருக்கு அங்கேயே விவரம் தெரிந்துவிடும்.

மராட்டியப் போக்குவரத்து ஆணையரிடம் நான் கேட்பது இதுதான். 2021 திருத்தம் இங்கே எப்படிப் பொருந்தும், பழைய வண்டிகளுக்கும் உண்டா என்று ஒரு சுற்றறிக்கை வெளியிடுங்கள். மீட்டரில் வந்த எண்ணைச் சலானில் போடாமல் அபராதம் கூடாது என்று உத்தரவிடுங்கள். மருத்துவ விலக்குக்கு வழி செய்யும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்குப் பரிந்துரை அனுப்புங்கள். அதற்கு உச்ச நீதிமன்றத்தின் அனுமதி வேண்டுமென்றால் அமைச்சகமே போய்க் கேட்கட்டும். ஒரு நோயாளியின் குடும்பம் வக்கீல் வைத்துத் தில்லி வரை போக முடியாது.

இந்தக் கடிதத்தின் மராட்டிப் பிரதியை ஆணையர் அலுவலகத்துக்கும் அனுப்புகிறேன். இதே சிரமம் உள்ள வாசகர்கள் எந்த மாநிலத்தில் இருந்தாலும், மருத்துவச் சான்றின் நகலோடு அவரவர் போக்குவரத்து ஆணையருக்கு எழுதி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்திக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். 'இப்படி யாரும் கேட்டதே இல்லை' என்ற பதிலுக்காவது இனி இடம் இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வானவடி, புனே.